நாற்பதாவது அடிக்கட்டை

என் நாத்தனாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். "நல்லதாத்தானே எழுதப்போற?" என்று கேட்டார். இருபத்தைந்து வருடம் அவர் அக்காவோடு ஒரே சமையலறையில் குப்பை கொட்டியவள் நான். நல்லதும் எழுதுவேன், மற்றதும் எழுதுவேன். இதில் என் குட்டும் வெளிப்படப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது.

நாத்தனார் ஒரு மரக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். எந்தெந்த மரத்தை வெட்ட வேண்டும் என்று குறி போடுகிற வேலை. அறுக்கிற ஆட்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதற்கு இரண்டு நாள் முன்னால் இவர் தனியாகப் போவார். தோளில் ஒரு பை. அதற்குள் அளவு நாடா, நோட்டு, பிரஷ், ஒரு டப்பா சிவப்பு பெயிண்ட். மரத்தை நெஞ்சு உயரத்தில் நாடாவால் சுற்றி அளப்பார். பருமன் போதும் என்றால் அதே உயரத்தில் ஒரு சிவப்பு வளையம். பிறகு குனிந்து, வேருக்குச் சற்று மேலே, பள்ளத்தைப் பார்த்த பக்கம் ஒரு சின்னப் பட்டை. மரத்தைச் சாய்த்ததும் மேலே உள்ள வளையம் லாரி ஏறிப் போய்விடும். கீழே உள்ள பட்டை அடிக்கட்டையிலேயே தங்கிவிடும். யாராவது குறி போடாத மரத்தில் கை வைத்திருந்தால் அடிக்கட்டை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு குறியும் இருந்தால் அந்த மரம் வெட்ட வேண்டிய மரம், அதில் பேச்சுக்கே இடமில்லை. கம்பெனியில் அவரை வளையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று அவர் என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். எங்கே வளையம் போடலாம் என்று யோசிக்கிறாரோ என்று எனக்கு உதறலெடுத்தது. அப்புறம்தான் தெரிந்தது, அவர் எல்லாரையும் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பார். புது அலமாரி வாங்கலாம் என்று நாம் வாயைத் திறப்பதற்குள் அவர் சுவரை அளந்து முடித்திருப்பார். கட்டில் அரை அடி நீளம், ஜன்னல் திரை கால் அடி குட்டை என்று ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டே இருப்பார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு சிவப்புக் கோடு போகாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "மலையில இருந்து இறங்கவே நேரமில்ல" என்பார்.

எங்கள் சபை சின்ன சபை. ஆலயத்துக்குப் பின்னால் சரிவில் ஒரு தோப்பு, அதன் அடியில் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கத்து மலையைக் கம்பெனி எப்போதோ மொட்டையடித்துவிட்டது. அதில் என் நாத்தனாருக்குக் கணிசமான பங்கு உண்டு. மழை பெய்தால் அந்தப் பக்கத்திலிருந்து செம்மண் குழம்பாக இறங்கும், எங்கள் பக்கத்திலிருந்து தெளிந்த தண்ணீர் வரும். ஓடையின் நடுவில் இரண்டும் கொஞ்ச தூரம் ஒட்டாமலே ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஞாயிறு ஆராதனை முடிந்து பிள்ளைகள் அதைப் பார்க்கவே ஓடுவார்கள். ஆண்டவர் முதல் மனுஷனுக்குக் கொடுத்த முதல் வேலை தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என்று போதகர் அடிக்கடி பிரசங்கத்தில் சொல்வார். நாத்தனாரும் தலையாட்டிக் கேட்பார். திங்கட்கிழமை பெயிண்ட் டப்பாவோடு கிளம்பிவிடுவார். அதில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

ஒரு மழையில் ஆலயத்தின் கூரை பிரசங்க மேடைக்கு நேர் மேலே ஒழுக ஆரம்பித்தது. சட்டமெல்லாம் உளுத்துப்போயிருந்தது. சபைக் கமிட்டி கூடியது. தோப்பில் கோணலும் மாணலுமாக நிற்கிற இருநூறு சொச்சம் மரங்களைக் கம்பெனிக்குக் கொடுப்பது, பதிலுக்கு அவர்களே கூரைக்கு வேண்டிய சட்டம் அறுத்துத் தருவது என்று முடிவானது. போதகருக்கு அரை மனசுதான். ஓடைக்கரையில் நின்ற நாற்பது பெரிய மரங்களில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கரையைப் பிடித்துக்கொண்டு நின்றவை அவைதான். குறி போடுகிற வேலை நாத்தனார் தலையில் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்?

அன்று சாயங்காலம் அவர் எங்கள் சமையலறையில் டப்பாவை ஆட்டிப் பார்த்தார். பாதிதான் இருந்தது. இருநூறு மரத்துக்கு எப்படிக் காணும் என்று முனகினார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல், "எதுக்கு அண்ணி இருநூறுக்கும் போடணும்? விட்டுவைக்கிற நாப்பதுக்குப் போட்டா போதாதா?" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் என் யோசனையை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் போய் நாற்பதுக்கும் குறி போட்டார். அறுக்கிற ஆட்களின் மேஸ்திரியைத் தேடிப் போய், இந்த ஒரு இடத்தில் மட்டும் வளையம் போட்டது நிற்க வேண்டியது, போடாதது விழ வேண்டியது என்று இரண்டு முறை சொல்லிவிட்டும் வந்தார். மேஸ்திரி நல்ல மனுஷன். ஆனால் வெள்ளிக்கிழமை அவர் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். சனிக்கிழமை காலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தது ஒரு மாற்று மேஸ்திரி.

நாத்தனார் அன்று வேறு மலையில் இருந்தார். நான் ஆலயத்தில்தான் இருந்தேன். ஆண்டவர் நினைவாக அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்குக் கிண்ணங்களைக் கழுவி வைப்பதும், மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அவற்றில் திராட்சரசம் ஊற்றித் தட்டில் அடுக்குவதும் என் வேலை. ஒவ்வொரு ஆளுக்கும் விரல் நீளத்தில் ஒரு சின்னக் கிண்ணம். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. வேலை தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்தடி நடந்து பின்வாசலைத் திறந்து பார்த்திருந்தால் போதும். நான் போகவில்லை.

நாத்தனார் திரும்பியபோது நாற்பதும் விழுந்து கிடந்தன. கோணல் மரம் ஒவ்வொன்றும் அப்படியே நின்றது. மாற்று மேஸ்திரி தப்பான ஆள் இல்லை. நாத்தனார் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துபோய், ஒவ்வொரு அடிக்கட்டையாகக் காட்டினார். "ரெண்டு குறியும் இருக்கேக்கா. நீங்க போட்டதுதானே?" என்றார். மேலே வளையம் மட்டும் இருந்திருந்தால் அவரும் ஒரு முறை விசாரித்திருப்பார். கீழே பட்டையும் இருந்தது. விட்டுவைக்க வேண்டிய மரத்துக்குக் கீழ்ப் பட்டை எதற்கு? இருபத்தாறு வருடப் பழக்கம். வளையம் போட்டதும் இடுப்பு தானாகக் குனிந்திருக்கிறது, கை தானாக இழுத்திருக்கிறது.

"ஆமா, நான் போட்டதுதான்" என்றார் நாத்தனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, தப்பு முழுக்கத் தன்னுடையது, மேஸ்திரியையோ ஆட்களையோ யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றார். பெயிண்டை மிச்சம் பிடிக்கச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. நான் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். நானும் சொல்லவில்லை. கூரைக்கு அந்த நாற்பதே தாராளம், மற்றவற்றை விட்டுவிடுங்கள் என்று போதகர் சொன்னதும் கமிட்டியில் யாரும் மறுத்துப் பேசவில்லை. இன்று எங்கள் தலைக்கு மேலே இருக்கிற சட்டமெல்லாம் அந்த மரங்கள்தான்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு வந்தது. எல்லாரும் எழுந்து முன்னால் போய் முழங்காலிட்டோம். நாத்தனார் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே இருந்தார். தட்டு என்னிடம் திரும்பி வந்தபோது அதில் ஒரு கிண்ணம் நிறைந்தே இருந்தது. அப்படி மிஞ்சினால் வெளியே கொண்டுபோய் மண்ணில் ஊற்றிவிட வேண்டும் என்பது எங்கள் போதகரின் முறை. ஊற்றினேன்.

போதகர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "மன்னிப்பு கூலி இல்லம்மா, வேலை செஞ்சு வாங்குறதுக்கு" என்று எடுத்துச் சொன்னார். நாத்தனார் அவருக்கு மரியாதையாக நாற்காலி போட்டு, டீ கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தெரியும் ஐயா. ஆனா அந்த நாப்பதும் என் உயரத்தைத் தாண்டட்டும். அப்புறம் வர்றேன்" என்றார். வெட்டின மரம் எப்படி உயரத்தைத் தாண்டும் என்று நான் நினைத்தேன். அந்த வாரமே கம்பெனி வேலையை விட்டார்.

அதற்கு என் வீட்டுக்காரர் தாம்தூம் என்று குதித்தார். ஒரு தப்புக்காகவா இத்தனை வருட வேலையை விடுவது என்று கேட்டார். அவர் போன பிறகு, நாத்தனார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். "இருபத்தாறு வருஷமா நான் போட்ட வளையத்துக்கு யாரும் வருத்தப்படல. ஒழுங்கா போட்டேன்னு கைதட்டினாங்க. தப்பாப் போன நாப்பதுக்குத்தான் அழறாங்க. அந்த எதிர் மலையை யார் கணக்குல வைக்கிறது, சொல்லு." நான் பீன்ஸைக் கழுவினேன்.

அடிக்கட்டைக்கு உயிர் உண்டு என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முதலில் அவர் நாற்பது கட்டைகளின் தலையையும் வாச்சியால் செதுக்கிச் சரிவாக்கினார். தட்டையாக விட்டால் மழைத்தண்ணீர் தேங்கி உள்ளே அழுகிவிடுமாம். இரண்டு மாதத்தில் கட்டையைச் சுற்றி முப்பது, நாற்பது தளிர் கிளம்பியது. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் கத்தியை எடுத்து இரண்டை மட்டும் விட்டு மீதியை வெட்டி எறிந்தார். "ஐயோ, பாவம்" என்றேன். "மேல் விளிம்புல வர்றது காத்துல பிஞ்சுக்கும். மண்ணை ஒட்டி வர்றது தனக்குன்னு வேர் விட்டுக்கும். எல்லாத்தையும் விட்டா ஒண்ணும் தேறாது" என்றார். பிறகு ஆடு. ஊரில் இருக்கிற ஆட்டுக்கெல்லாம் அந்தத் தளிர் என்றால் உயிர். நாத்தனார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். என் வீட்டுக்காரரை முள் சுமக்க வைத்து ஒவ்வொரு கட்டைக்கும் வேலி கட்டினார். வேலை போனதற்குக் குதித்த மனுஷன் கையெல்லாம் கீறலோடு மருந்து தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் வருடம் சபையில் சிலர் கேலி பேசினார்கள். கட்டைக்குத் தாலாட்டுப் பாடுகிறார் என்றார்கள். இரண்டாம் வருடம் தளிர்கள் வேலிக்கு மேலே தலைகாட்டியதும் கேலி செய்தவர்களே சனிக்கிழமைகளில் மண்வெட்டியோடு வந்தார்கள். அந்த மாற்று மேஸ்திரி வந்தார். யாரும் கூப்பிடவில்லை, லீவு நாளில் தானாக வந்து முள் வெட்டிக் கொடுத்தார், இன்றுவரை வருகிறார். கரை அரித்த இடங்களில் கல் அடுக்கினோம், இடைவெளியில் புதுக் கன்று வைத்தோம். நாலாம் வருடம் முப்பத்தொன்பது கட்டைகளின் கிளைகள் நாத்தனாரின் தலையைத் தாண்டிவிட்டன. அவர் குள்ளம் என்பதும் ஒரு வசதி. மரங்கள் விழுந்ததிலிருந்து கலங்கி ஓடிய எங்கள் பக்கத்து ஓடைத் தண்ணீர் மறுபடி தெளிந்தது.

நாற்பதாவதுதான் மிஞ்சியது. ஓடை வளைகிற இடத்தில் இருந்த மிகப் பெரிய மரம் அது. மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அதன் அடிக்கட்டையில் ஒரு தளிர் கூட வரவில்லை. அவ்வளவு வயதான மரம் வெட்டினால் துளிர்ப்பது அபூர்வம் என்று அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் தண்ணீர் ஊற்றினார். பட்டை கழன்று விழுந்தது, நடுவில் பிளந்தது, காளான் பூத்தது. நாத்தனார் போட்ட சிவப்புப் பட்டை மட்டும் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது. மாதம் பிறந்தால் முதல் ஞாயிறு, முதல் ஞாயிறு என்றால் நிறைந்த கிண்ணம். வரமாட்டார் என்று தெரிந்தும் அவருக்கென்று ஒன்று ஊற்றாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆறாம் வருடம் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாற்றுப் பண்ணையில் அதே ஜாதி மரக்கன்று ஒன்று வாங்கி, அவர் பல் வைத்தியரிடம் போயிருந்த நேரம் பார்த்து, கட்டையின் பிளவில் சொருகி மேலே பாசியை அப்பி வைத்தேன். வேலை கச்சிதமாக முடிந்தது என்று நினைத்தேன். அவர் வந்து இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தார். விரலை விட்டுத் தோண்டி, வேரோடு ஒட்டியிருந்த நாற்றுப் பையின் கறுப்பு பிளாஸ்டிக் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கன்றைப் பிடுங்கி வேறு இடத்தில் பத்திரமாக நட்டார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் உப்பு எங்கே என்று கேட்டார்.

ஒன்பதாம் வருடம் மழைக்காலம் ஓய்ந்த சமயம், ஒரு மத்தியானம், சேற்றுக்காலோடு சமையலறைக்குள் வந்து நின்றார். சேற்றுக்காலோடு வந்தால் மற்றவர்களை விரட்டுகிறவர்.

"உண்மையைச் சொல்லு. நீ வச்சியா?"

"எதை அண்ணி?"

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கட்டையின் பிளவுக்குள் ஒரு செடி நின்றது. ஒரு சாண் உயரம் இருக்கும். ஆறு இலை. அந்த நாற்பது மரங்களின் ஜாதியே இல்லை, வேறு ஏதோ மரம். நான் வைக்கவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். என் பழைய வண்டவாளம் அப்படி, நம்புவதற்கு அவருக்கு என்ன தலையெழுத்து? ஈர மண்ணில் குப்புறப் படுத்தார். பிளவுக்குள் கையை விட்டுத் துழாவினார். மெல்ல இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. வேர் உளுத்த மரத்தின் வயிற்றுக்குள்ளேயே இறங்கி அடி மண்ணைப் பிடித்திருந்தது.

"இது யாரும் வைக்க முடியாது" என்றார். எழுந்து உட்கார்ந்தார். "ஏதோ பறவை போட்டிருக்கு."

ஏன் அந்த நேரத்தில் வந்தது என்று தெரியவில்லை, ஒன்பது வருடமாக நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது. "அண்ணி, நாப்பதுக்குப் போட்டா போதும்னு சொன்னது நான். சபையில நான் எழுந்திரிக்கல. மாசாமாசம் ஒண்ணும் நடக்காத மாதிரி முன்னாடி போய் வாங்கிட்டு வந்துட்டேன். நீங்க என் பேரை ஒரு இடத்துல கூட எடுக்கல."

அவர் சேலை ஓரத்தில் கையைத் துடைத்தார். "யோசனை உன்னோடது. கை என்னோடது. அதை அன்னைக்கே விட்டாச்சு" என்றார்.

பிறகு பழக்கதோஷத்தில் பையிலிருந்து நாடாவை எடுத்துச் செடியை அளந்தார். ஒரு சாணுக்கு ஒரு விரல் அதிகம். அவர் உயரத்துக்கு வர இன்னும் நாலைந்து வருடமாவது ஆகும். நாடாவைச் சுற்றாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"முப்பத்தொம்பதுக்கும் வேலி கட்டினேன். தண்ணி ஊத்தினேன். ஆட்டை விரட்டினேன்" என்றார். "இதுக்கு நான் ஒண்ணுமே செய்யல. சும்மா வந்து நிக்குது."

அவர் சிரித்தார். அவர் சிரித்தால் மேல் வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரியும், அதனால் வெளியாள் முன்னால் சிரிக்கமாட்டார். நாடாவைச் சுற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமையலறையை முதலில் கழுவு, நான் சேறாக்கிவிட்டேன் என்றார்.

அடுத்து வந்த முதல் ஞாயிறு காலையில் நான் வழக்கம்போல எல்லாருக்கும் ஊற்றினேன், வழக்கம்போல அவருக்கும் ஒன்று ஊற்றினேன். அவர் என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை. முன்னால் போகிற நேரம் வந்தது. நான் போய் முழங்காலிட்டேன். பின்னால் பெஞ்ச் கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்கத்தில் யாரோ முட்டி வலியோடு முனகிக்கொண்டு முழங்காலிட்டார்கள். அந்த முனகல் எனக்குத் தெரியாதா? கண்ணைத் திறந்தபோது நகக்கண்ணில் சிவப்புக் கோடே இல்லாத இரண்டு கைகள் எனக்குப் பக்கத்தில் நீண்டிருந்தன. அந்தக் கோடு எப்போது போனது என்று நான் கவனிக்கவே இல்லை. போதகருக்கு வயதாகிவிட்டது. அவர் அப்பத்தை அந்தக் கையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சபை முழுக்கக் காத்திருந்தது.

எல்லாரும் போன பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். என் கண் பழக்கத்தில் நிறைந்த கிண்ணத்தைத் தேடியது. ஒன்றொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மண்ணில் ஊற்ற அன்று என்னிடம் ஒன்றும் இல்லை.